பவர் பிரேக்கா, மேனுவல் பிரேக்கா? பழைய காரில் பூஸ்டரைக் கழற்றும் முன்

அமெரிக்காவில் 1968 மாடல் கமேரோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "இன்ஜினில் பெரிய கேம் ஷாஃப்ட் போட்ட பிறகு பிரேக் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. பூஸ்டரைக் கழற்றிவிட்டு மேனுவல் பிரேக்குக்கு மாறிவிடட்டுமா?" வண்டியின் பெயர் மட்டும் மாறி இதே கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. சிலருக்குப் பூஸ்டர், அதாவது மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம், பழுதாகியிருக்கும். சிலருக்கு இன்ஜின் அறையில் அந்தக் கறுப்புப் பானை இடத்தை அடைக்கிறதே என்ற வருத்தம் இருக்கும். இன்னும் சிலர் "பழைய கார் பழைய மாதிரியே நிற்கட்டும்" என்று ஆசைப்படுவார்கள்.

மாறலாம். நன்றாகச் செய்தால் மேனுவல் பிரேக் அருமையாக நிற்கும். ஆனால் பூஸ்டரை எடுப்பது ஒரு பாகத்தை எடுக்கும் வேலை இல்லை. பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் (காலின் பலத்தை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) வரை மொத்தக் கணக்கையும் மாற்றிப் போட வேண்டும். அதைச் செய்யாமல் பூஸ்டரை மட்டும் எடுத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், அவற்றை எண்ணித்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

## முதலில் நோய் என்னவென்று பாருங்கள்

பெடல் கல் மாதிரி இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பூஸ்டர் கெட்டுப்போயிருக்கும், அல்லது பூஸ்டர் நன்றாகத்தான் இருக்கும், அதற்குச் சாப்பாடு போதாது. பூஸ்டரின் சாப்பாடு வேக்குவம், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் குறைந்த அழுத்தம். பெடலை மிதிக்காதபோது பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் தடுப்பான டயஃப்ரத்தின் இரண்டு பக்கமும் வேக்குவம் நிற்கும். மிதித்ததும் பின்பக்கம் வெளிக்காற்று நுழையும், முன்பக்கம் வேக்குவம் அப்படியே இருக்கும். இந்த வித்தியாசம்தான் உங்கள் காலோடு சேர்ந்து தள்ளுகிறது.

சோதனை சுலபம். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதித்து மிச்ச வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். காலை அழுத்தி வைத்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அடுத்து, இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து மிதித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மிதியாவது மெத்தென்று இருக்க வேண்டும். முதல் மிதியே கல்லாக இருந்தால் ஹோஸில் இருக்கும், காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை, அல்லது எங்கோ கசிகிறது. மிதிக்கும்போது பெடல் பக்கம் "உஸ்" என்று தொடர்ந்து சத்தம் வந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் ஒரு வேக்குவம் மீட்டரை இன்டேக் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயில்) மாட்டி, ஐட்லிங்கில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். நல்ல நிலையில் உள்ள சாதாரண இன்ஜின் 17 முதல் 21 அங்குலம் காட்டும், பாதரசக் கணக்கில். பெரிய கேம் வால்வுகளை அதிக நேரம் திறந்து வைப்பதால், அது போட்ட இன்ஜின் 8 முதல் 12 அங்குலத்தில் நிற்கும். நண்பரின் கமேரோ 9 காட்டியது.

இது எவ்வளவு பெரிய இழப்பு? 11 அங்குல டயஃப்ரத்தின் பரப்பு சுமார் 95 சதுர அங்குலம். 18 அங்குல வேக்குவத்தில் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 4 கிலோ வித்தியாசம் கிடைக்கும். அப்படியானால் பூஸ்டர் தரக்கூடிய அதிகபட்ச உதவி கணக்குப்படி 380 கிலோ. வேக்குவம் 9 அங்குலமானால் அது 190 கிலோ. பூஸ்டரில் ஒரு கோளாறும் இல்லாமலேயே பாதி போய்விட்டது.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் முதலில் பார்ப்பது வண்டியை யார் ஓட்டுவார்கள் என்பதைத்தான். நீங்கள் மட்டுமா, மனைவி, மகள், வயதான அப்பாவும் ஓட்டுவார்களா? அந்த வீட்டில் பலம் குறைந்த காலுக்கு ஏற்ற பிரேக்தான் அந்த வண்டிக்குச் சரியான பிரேக். முழங்கால் வலி உள்ளவரை மேனுவல் பிரேக்கில் உட்கார வைத்து, அவசரத்தில் முழுப் பலத்தோடு மிதிக்கச் சொல்வது நியாயமில்லை.

அடுத்தது, இன்ஜின் தரும் வேக்குவம். மூன்றாவது, சக்கரத்தில் இருப்பது டிஸ்க்கா டிரம்மா. பெரும்பாலான அமெரிக்க டிரம் பிரேக்கில் ஒரு ஷூ இன்னொரு ஷூவைத் தள்ளித் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும், அதனால் கால் பலம் குறைவாகப் போதும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள கனமான கார்கள் அந்தக் காலத்தில் பூஸ்டர் இல்லாமலேயே ஓடியதற்கும், டிஸ்க் பரவியபோது பூஸ்டரும் கூடவே பரவியதற்கும் இது முக்கியமான காரணம்.

இவற்றோடு வண்டியின் எடை, இன்ஜின் அறையில் இடம், உதவி நின்றுபோனால் வண்டி எப்படி நடந்துகொள்ளும், நாளைக்கு மனம் மாறினால் பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். பணம் கடைசியில் வரட்டும், பிரேக் விஷயத்தில் அதை முன்னால் வைக்கக் கூடாது.

## பூஸ்டரைச் சரிசெய்து அப்படியே வைத்துக்கொள்வது

மீட்டர் 17, 18 காட்டுகிறது, பெடல் மட்டும் கடினமாக இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். பூஸ்டரை மாற்றுங்கள், அல்லது பிரித்துச் சரிசெய்யக் கொடுங்கள். கூடவே ஹோஸையும் வால்வையும் புதிதாகப் போடுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஒரு கிழிந்த ரப்பருக்காக மேனுவலுக்கு மாற்றுவது வேலைக்கு மேல் வேலை.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்து பிரேக் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கியிருந்தால், அந்த ஆயில்தான் ரப்பரைக் கெடுத்திருக்கும். மாஸ்டர் சிலிண்டரைக் கவனிக்காமல் புதுப் பூஸ்டர் மட்டும் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். பிரேக் ஆயில் அளவு குறைகிறது, ஆனால் வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் முதல் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும்.

## வேக்குவத்தைக் கூட்டுவது

பூஸ்டர் நன்றாக இருந்து வேக்குவம் மட்டும் குறைவு என்றால் இரண்டு வழிகள். ஒன்று, வேக்குவம் டேங்க். விலை குறைவு, பூட்டுவது சுலபம். ஆனால் டேங்க் வேக்குவத்தைக் கூட்டாது, சேமித்து மட்டும் வைக்கும். ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பெரிய கேம் இன்ஜினிலும் வேக்குவம் நன்றாக ஏறும், டேங்க் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த இரண்டு மூன்று மிதிக்குக் கொடுக்கும். நெரிசலில் நின்று நின்று நகரும்போது அந்தச் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, எலக்ட்ரிக் வேக்குவம் பம்ப். இன்ஜின் என்ன கேம் போட்டிருந்தாலும் பூஸ்டருக்கு வேண்டியதை இது தரும். ரிலே, ஃபியூஸ், பிரஷர் சுவிட்ச் எல்லாம் சேர்த்துச் சுத்தமாக வயரிங் செய்ய வேண்டும். சில பம்புகள் சத்தம் போடும், அதை ரப்பர் புஷ் வைத்து ஃபிரேமில் மாட்டினால் ஓரளவு அடங்கும். பழைய வண்டியில் சின்ன ஜெனரேட்டரோ பலமில்லாத ஆல்டர்னேட்டரோ இருந்தால் அதையும் மாற்ற வேண்டி வரலாம். பட்ஜெட் போடும்போது பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பம்ப் நின்றால் உடனே தெரியும்படி டேஷ்போர்டில் ஒரு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் பெரிய நல்ல குணம், எதையும் வெட்டத் தேவையில்லை. நாளைக்கு கேமை மாற்றினால் பம்பைக் கழற்றிவிட்டுப் பழையபடி ஓட்டலாம்.

## மேனுவலுக்கு மாறுவது

இங்கே நிதானமாகப் பார்ப்போம். பவர் பிரேக் உள்ள காரில் பெடலின் நெம்புகோல் விகிதம் சுமார் 4:1 இருக்கும். மேனுவலில் சுமார் 6:1. பெடல் தொங்கும் பின்னிலிருந்து கால் வைக்கும் இடம் வரை உள்ள தூரத்தை, அதே பின்னிலிருந்து புஷ் ராடு (பெடலின் தள்ளலை மாஸ்டர் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் கம்பி) மாட்டும் துளை வரை உள்ள தூரத்தால் வகுத்தால் இந்த விகிதம் வரும். டேப் எடுத்து அளந்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டமும் வேறு. பவர் பிரேக்கில் 1⅛ அங்குலம் சாதாரணம். மேனுவலில் 1 அங்குலம் அல்லது அதற்கும் சின்னது. சிலிண்டர் சின்னதானால் அதே காலுக்கு அழுத்தம் கூடும், ஆனால் அதே அளவு ஆயிலைத் தள்ளக் கால் அதிக தூரம் போக வேண்டும். 45 கிலோ பலத்தோடு மிதித்தால், பூஸ்டர் உதவி இல்லாமல் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டால் இப்படி வருகிறது:

| உள்விட்டம் | பெடல் விகிதம் | ஆயில் அழுத்தம், கிலோ/ச.செ.மீ. | கால் போகும் தூரம் |
|---|---|---|---|
| 1⅛ அங்குலம் | 4:1 | 28 | 1 மடங்கு |
| 1⅛ அங்குலம் | 6:1 | 42 | 1.5 மடங்கு |
| 1 அங்குலம் | 6:1 | 53 | 1.9 மடங்கு |
| 15/16 அங்குலம் | 6:1 | 61 | 2.2 மடங்கு |
| ⅞ அங்குலம் | 6:1 | 70 | 2.5 மடங்கு |

முதல் வரிசைதான் நான் பயப்படுவது. பூஸ்டரை எடுத்துவிட்டு, பழைய பெடல் துளையிலேயே பழைய மாஸ்டர் சிலிண்டரோடு ஓட்டினால் கிடைப்பது 28. டிஸ்க் பிரேக் அழுத்தமாகப் பிடிக்க 63-க்கு மேல், பி.எஸ்.ஐ. கணக்கில் 900-க்கு மேல், தேவைப்படும். பாதிகூட இல்லை. பூஸ்டர் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு "மேனுவலாக ஓட்டிப் பார்த்தேன், நிற்கவே இல்லை" என்று சொல்பவர்கள் சோதித்தது மேனுவல் பிரேக்கை இல்லை. செத்துப்போன பவர் பிரேக்கை.

அதற்காக ⅞ அங்குலத்தைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்களில் 1969-லிருந்து வந்த ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பரில் (டிஸ்க்கைப் பேடால் இறுக்கும் பாகத்தில்) பிஸ்டன் 2 15/16 அங்குலம், நிறைய ஆயில் குடிக்கும். அதற்கு ⅞ போட்டால் பெடல் தரையைத் தொட்டுவிடும் அபாயம் உண்டு. முன் டிஸ்க், பின் டிரம் உள்ள அந்த மாதிரி வண்டிக்கு நான் 1 அங்குலத்தில் ஆரம்பிப்பேன். 55 கிலோ மிதியில் அது 65 தரும். ஆரோக்கியமான ஆளுக்கு 55 கிலோ மிதி பெரிய விஷயமில்லை, ஆனால் பவர் பிரேக்கில் விரல் நுனியால் தொட்டுப் பழகிய காலுக்கு முதல் வாரம் அதிர்ச்சியாக இருக்கும்.

கமேரோ, ஷெவெல் போன்ற ஜி.எம். வண்டிகளில் ஒரு வசதி உண்டு. பெடலிலேயே இரண்டு துளைகள் இருக்கும். கீழே உள்ளது பவருக்கு, சுமார் ஓர் அங்குலம் மேலே உள்ளது மேனுவலுக்கு. பூஸ்டர் பிராக்கெட்டைக் கழற்றி, மாஸ்டர் சிலிண்டரை நேராக ஃபயர்வாலில் (இன்ஜின் அறைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டில்) பூட்டி, புஷ் ராடை மேல் துளைக்கு மாற்றினால் விகிதம் சரியாகிவிடும். வேறு சில வண்டிகளில் மேனுவலுக்கென்று தனிப் பெடலே தேட வேண்டி வரும். பாகம் வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது புஷ் ராடு. மேனுவல் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனில் ஆழமான குழி இருக்கும், ராடு அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பவர் மாஸ்டர் சிலிண்டரில் குழி ஆழமில்லை, ஏனென்றால் ராடு விழாமல் பூஸ்டரே தாங்கிக்கொள்ளும். என் ஷெவெல்லை முதன்முதலில் மாற்றியபோது இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. ஆழமில்லாத சிலிண்டரையே பூட்டிவிட்டேன். வாசலில் வைத்துப் பெடலுக்கு அடியில் கால் விரலைக் கொடுத்து மேலே தூக்கியபோது ராடு கழன்று விழுந்தது, பெடல் தொளதொளவென்று தொங்கியது. அதே இடத்தில் வேலையை நிறுத்தினேன். சாலையில் நடந்திருந்தால் பிரேக் என்று ஒன்றே இருந்திருக்காது. ராடு குழிக்குள் ஆழமாக இறங்க வேண்டும், கிளிப்போ ரப்பரோ அதைப் பிடித்திருக்க வேண்டும், பெடலை மேலே இழுத்தாலும் கழலக் கூடாது. இந்த மூன்றும் இல்லாமல் வண்டியை நகர்த்தாதீர்கள். ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளியும் வேண்டும். இல்லையென்றால் ஆயில் திரும்பாமல் பிரேக் பிடித்தபடியே சூடேறும்.

பட்டியலில் வராத செலவுகள் இனி. மாஸ்டர் சிலிண்டர் ஃபயர்வாலை நோக்கிப் பின்னால் போய்விடுவதால் பழைய ஸ்டீல் பைப்புகள் பொருந்தாது, வளைத்து, நுனியை விரித்துப் புதிதாக ஃபிளேர் அடிக்க வேண்டும், அதுவும் இரண்டாக மடிக்கும் டபுள் ஃபிளேர். பிரேக் லைட் சுவிட்சை மறுபடி சரிப்படுத்த வேண்டும். பின் டிரம்முக்குப் போகும் பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் 10 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு புது மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூஸ்டர் ஹோஸ் வந்த மேனிஃபோல்டு வாயை அடைத்த பிறகு ஐட்லிங்கைச் சரிசெய்ய வேண்டும், பழைய பூஸ்டர் காற்றுக் கசிந்துகொண்டிருந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பேடும் முக்கியம். ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள், முதல் எழுத்து குளிர்ந்த நிலைக்கு, இரண்டாவது சூட்டுக்கு. இ என்றால் உராய்வு 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45. மேனுவலுக்கு எஃப்எஃப்-க்குக் குறைந்து வாங்காதீர்கள். பந்தயப் பேடும் வேண்டாம். அது சூடான பிறகுதான் நன்றாகப் பிடிக்கும், காலையில் முதல் சிக்னலில் உங்களுக்கு வேண்டியது குளிரில் பிடிப்பது.

இவ்வளவும் செய்த பிறகு கிடைப்பது என்ன? கால் மிதிக்கும் அளவுக்கு ஏற்றபடி வண்டி நிற்கும். சாலையில் சக்கரம் பூட்டப்போகும் கணம் பாதத்திலேயே தெரியும். இன்ஜின் நடுவழியில் நின்றாலும் பிரேக் மாறாது. எனக்கு அந்த உணர்வு பிடிக்கும், என் வண்டியில் இன்றும் மேனுவல்தான்.

## ஹைட்ரோபூஸ்ட்

பவர் ஸ்டீயரிங் பம்பின் ஆயில் அழுத்தத்தைக் கொண்டு பிரேக்குக்கு உதவும் அமைப்பு இது. பெண்டிக்ஸ் நிறுவனம் 1970-களில் கொண்டுவந்தது. டீசல் டிரக்குகளில் நிறைய வந்தது, 1996-லிருந்து வி8 மஸ்டாங்கிலும் இருந்தது. வேக்குவம் தேவையே இல்லை, அளவிலும் சின்னது, உதவியோ அபாரம். பெரிய இன்ஜின், கனமான வண்டி, நான்கு டிஸ்க் என்றால் இதற்கு ஈடில்லை.

செலவுதான் மலைக்க வைக்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியென்றால் அதையும் சேர்த்துப் போட வேண்டும். உயர் அழுத்த ஹோஸ்கள், ஆயில் டேங்குக்குத் தனியாக ஒரு ரிட்டர்ன் வழி என்று வேலை நீளும். கசிவு வரும் இடங்களும் கூடும். கழற்றும் முன் இன்ஜினை நிறுத்திப் பெடலைப் பல முறை மிதித்து, அக்யுமுலேட்டரில் தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றியே ஆக வேண்டும். ஸ்டீயரிங் ஆயிலும் பிரேக் ஆயிலும் ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது.

## ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு

பழைய அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் எழாது. அவை டிரம் பிரேக்கோடு, பூஸ்டர் இல்லாமல் ஓடிய வண்டிகள். கான்டெஸாவுக்கும், பின்னாளில் டிஸ்க்கும் பூஸ்டரும் சேர்த்த அம்பாசிடருக்கும்தான் எழும். டீசல் இன்ஜின் மாற்றியிருந்தால் முதலில் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் வேக்குவம் பம்பைப் பாருங்கள். டீசலில் மேனிஃபோல்டு வேக்குவம் கிடைக்காது, அந்தப் பம்ப்தான் பூஸ்டருக்கு ஒரே ஆதாரம். பெடல் கடினமானதும் பூஸ்டரைக் குற்றம் சொல்லி மாற்றிவிட்டு, பம்ப் தேய்ந்ததைக் கடைசியில் கண்டுபிடிப்பது அடிக்கடி நடக்கிறது.

மலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஓர் அங்குலம் வேக்குவம் குறையும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், கீழே 18 காட்டிய பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் 11 காட்டினால் அது கோளாறு இல்லை. வண்டியின் அமைப்பை மாற்றுவது என்று முடிவெடுத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை மனதில் வைத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

## யாருக்கு எது

வேக்குவம் நன்றாக இருந்தால் பூஸ்டரைச் சரிசெய்யுங்கள். வேக்குவம் குறைவு, வண்டியைப் பலர் ஓட்டுவார்கள், நகர நெரிசலில் ஓடும் என்றால் எலக்ட்ரிக் பம்ப். வண்டி 1,500 கிலோவுக்குள், ஓட்டுவது நீங்கள் ஒருவர், வார இறுதியில் மட்டும் எடுப்பீர்கள், கால் நன்றாக இருக்கிறது என்றால் மேனுவலுக்கு மாறுங்கள், முழுவதுமாக மாறுங்கள். வண்டி கனம், கேமும் பெரியது, பவர் ஸ்டீயரிங் ஏற்கெனவே இருக்கிறது, பணமும் இருக்கிறது என்றால் ஹைட்ரோபூஸ்ட். 1967-க்கு முன் வந்த, ஒரே அறை மாஸ்டர் சிலிண்டர் உள்ள அமெரிக்கக் கார் என்றால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அதை இரட்டை அறைக்கு மாற்றுங்கள். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போகும் அமைப்பை வைத்துக்கொண்டு பூஸ்டரைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை.

கமேரோ நண்பரிடம் வண்டியை வேறு யார் ஓட்டுவார்கள் என்று கேட்டேன். மனைவியும் சில நாள் எடுப்பார் என்றார். மேனுவல் பெடல் எவ்வளவு கேட்கும் என்று அவருக்குக் காட்ட ஒரு வழி சொன்னேன்: வீட்டில் எடை பார்க்கும் கருவியைச் சுவரில் சாய்த்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலால் 55 கிலோ வரும்வரை தள்ளி, ஐந்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். நண்பர் சுலபமாகச் செய்தார். அவர் மனைவிக்கு 40-க்கு மேல் போகவில்லை. பம்ப் வாங்கி மாட்டினார்கள். மீட்டர் இப்போது 19 காட்டுகிறது.